வாசகர் கேள்விகள்: டேட்டாபேஸ் கனெக்ஷனை செஷனில் வைக்கலாமா?

கேள்வி: பிஎச்பியில் ஒரு தளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யூசர் என்று ஒரு கிளாஸ், அதன் கன்ஸ்ட்ரக்டரிலேயே டேட்டாபேஸ் கனெக்ஷனைத் திறந்து ஒரு ப்ராப்பர்டியில் வைத்திருக்கிறேன். லாகின் ஆனதும் அந்த ஆப்ஜெக்டை அப்படியே செஷனில் (பயனரின் தகவலைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் ஏற்பாடு) போட்டுவிடுகிறேன். லாகின் பக்கத்தில் எல்லாம் ஓடுகிறது. அடுத்த பக்கத்தில் அதே ஆப்ஜெக்டை எடுத்து ஒரு குவெரி ஓட்டினால், கனெக்ஷன் செல்லாது என்று பிழை வருகிறது. பெயர், மின்னஞ்சல் எல்லாம் அப்படியே இருக்கின்றன, கனெக்ஷன் மட்டும் காணாமல் போகிறது. ஏன்?

பதில்: அடுத்த பக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பது அதே ஆப்ஜெக்ட் இல்லை என்பதால்தான். செஷனை சர்வரின் மெமரியில் நமக்காகக் காத்திருக்கும் ஓர் இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிஎச்பியில் பக்கம் முடிந்ததும் அந்த ஸ்கிரிப்ட் உருவாக்கிய ஆப்ஜெக்டுகள் எல்லாமே அழிந்துவிடும். செஷன் அர்ரேயில் இருந்ததை மட்டும் பிஎச்பி சீரியலைஸ் செய்து, அதாவது ஒரு நீண்ட எழுத்துச் சரமாக்கி, வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். அடுத்த ரிக்வெஸ்ட் வரும்போது குக்கீயில் வந்த செஷன் ஐடியை வைத்து அந்த ஃபைலைத் திறந்து, சரத்தைப் படித்து, புதிதாக ஓர் ஆப்ஜெக்டைக் கட்டிக் கொடுக்கும். பெயரும் மின்னஞ்சலும் வெறும் எழுத்துகள், ஃபைலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

கனெக்ஷன் அப்படிப்பட்ட பொருள் இல்லை. உங்கள் பிஎச்பி ப்ராசஸுக்கும் டேட்டாபேஸ் சர்வருக்கும் நடுவில் திறந்திருக்கும் ஒரு டிசிபி சாக்கெட் அது. இந்தப் பக்கம் ஆபரேட்டிங் சிஸ்டம் கொடுத்த ஒரு எண், அந்தப் பக்கம் உங்களுக்காகவே ஒதுக்கிய ஒரு த்ரெட் அல்லது ப்ராசஸ், நடுவில் யார் லாகின் ஆனார், எந்த டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாது என்று ஒன்றாகக் கட்டிய வேலைகள்) பாதியில் நிற்கிறது, எந்த டெம்பரரி டேபிள் உருவாகியிருக்கிறது என்ற தகவல்கள், எல்லாம் சேர்ந்ததுதான் கனெக்ஷன். ஒருவரின் ஃபோன் நம்பரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நாளைக்குக் கூப்பிடலாம், ஆனால் இப்போது நடந்துகொண்டிருக்கும் அழைப்பைத் தாளில் எழுதி வைத்து நாளைக்குத் தொடர முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

பிழை எந்த உருவத்தில் வரும் என்பது நீங்கள் எந்த எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷனில் (பிஎச்பி 7-இல் அதை எடுத்தே விட்டார்கள்) கனெக்ஷன் ஒரு ரிசோர்ஸ், சீரியலைஸ் செய்தால் அது சத்தமில்லாமல் 0 என்ற எண்ணாகிவிடும், அடுத்த பக்கத்தில்தான் தெரியவரும். பிடிஓ (பிஎச்பியின் இன்னொரு டேட்டாபேஸ் எக்ஸ்டென்ஷன்) இந்த விஷயத்தில் நேர்மையானது, தன்னை சீரியலைஸ் செய்யவே விடாமல் எக்ஸெப்ஷன் எறியும். ஆனால் செஷன் எழுதப்படுவது ஸ்கிரிப்டின் கடைசியில் என்பதால் அந்தப் பிழைச் செய்தியில் ஃபைல் பெயர் இருக்காது, வரி எண் 0 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கே தேடுவது என்று தெரியாமல் தவிப்பவர்கள் நிறைய. வரி எண் 0 என்று வரும் சீரியலைஸ் பிழையைப் பார்த்தால் முதலில் செஷனுக்குள் என்ன போட்டோம் என்று பாருங்கள்.

கேள்வி: இதற்கு ஸ்லீப், வேக்அப் என்ற மேஜிக் மெத்தடுகளை (சீரியலைஸ் செய்யும்போதும் திரும்பக் கட்டும்போதும் பிஎச்பி தானாக அழைப்பவை) எழுதினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். ஸ்லீப்பில் கனெக்ஷனை விட்டுவிட்டு மற்ற ப்ராப்பர்டிகளின் பெயரை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும், வேக்அப்பில் மறுபடி கனெக்ட் ஆக வேண்டும். செய்து பார்த்தேன், ஓடுகிறது. இதில் ஏதாவது தவறு உண்டா?

பதில்: ஓடும், சந்தேகமில்லை. பிஎச்பியின் கையேட்டிலேயே இந்த மெத்தடுகளுக்கு உதாரணமாக டேட்டாபேஸ் கனெக்ஷன்தான் இருக்கிறது. 7.4 முதல் சீரியலைஸ், அன்சீரியலைஸ் என்ற பெயர்களிலேயே இன்னும் தெளிவான இரண்டு மேஜிக் மெத்தடுகள் வந்துவிட்டன. இருந்தாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் பாஸ்வேர்டு. வேக்அப்பில் மறுபடி கனெக்ட் ஆக வேண்டுமென்றால் சர்வர் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் கையில் வேண்டும். பெரும்பாலானவர்கள் அவற்றையும் அதே ஆப்ஜெக்டில் ப்ராப்பர்டியாக வைத்து, ஸ்லீப்பில் அவற்றின் பெயரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். விளைவு, உங்கள் தளத்துக்கு வந்து லாகின் ஆகும் ஒவ்வொருவரின் செஷன் ஃபைலிலும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பச்சையாக எழுதப்படுகிறது. செஷன் ஃபைல்கள் பல இடங்களில் பொதுவான டெம்ப் ஃபோல்டரில்தான் கிடக்கும். ஒரே சர்வரில் பல தளங்கள் ஓடும் ஹோஸ்டிங்கில், அமைப்பு சரியில்லை என்றால், அதை அடுத்த தளத்துக்காரர் படித்துவிடலாம். பேக்கப்பிலும் அது போகும். உங்கள் கோடில் ப்ரைவேட் என்று போட்டிருப்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது, ப்ரைவேட் ப்ராப்பர்டியும் ஃபைலில் எழுதப்படத்தான் செய்யும்.

அப்புறம், வேக்அப் எப்போது ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். செஷனைத் திறந்த உடனே ஓடும். அந்தப் பக்கத்துக்கு டேட்டாபேஸ் தேவையா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஆப்ஜெக்டுகள் செஷனில் மூன்று இருந்தால், எதையுமே கேட்காத ஒரு பக்கத்துக்குக்கூட மூன்று கனெக்ஷன் திறக்கும். டேட்டாபேஸ் ஐந்து நிமிடம் படுத்துவிட்டால், டேட்டாபேஸே தேவைப்படாத 'எங்களைப் பற்றி' பக்கமும் சேர்ந்து விழும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆப்ஜெக்டை செஷனில் வைத்தால் அதன் தகவலும் அங்கேயே உறைந்துவிடுகிறது. லாகின் ஆனபோது அவர் அட்மின், பத்து நிமிடத்தில் இன்னொருவர் அவருடைய அட்மின் உரிமையை டேட்டாபேஸில் எடுத்துவிடுகிறார், ஆனால் செஷனில் இருக்கும் யூசர் ஆப்ஜெக்ட் இன்னும் அவரை அட்மின் என்றே சொல்லிக்கொண்டிருக்கும், அவர் லாகவுட் ஆகும்வரை. கணக்கை முடக்கினாலும் இதே நிலைதான். கனெக்ஷன் பிழையைச் சரிசெய்தாயிற்று என்ற நிம்மதியில் இந்த ஓட்டை கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: அப்படியானால் செஷனில் என்னதான் வைப்பது?

பதில்: யூசர் ஐடி. பெரும்பாலான தளங்களுக்கு அதுவே போதும், கூடவே ஃபார்ம் பாதுகாப்புக்கான டோக்கன், தேர்ந்தெடுத்த மொழி, ஒருமுறை காட்டிவிட்டு அழிக்க வேண்டிய சின்னச் செய்தி, இப்படிச் சில எண்களும் எழுத்துகளும்.

பக்கம் தொடங்கும்போது கனெக்ஷனை ஒரே இடத்தில் உருவாக்குங்கள். முதல் குவெரி வரும்போதுதான் உண்மையில் கனெக்ட் ஆகும்படி எழுதினால் இன்னும் நல்லது. செஷனிலிருந்து ஐடியை எடுத்து, அந்த ஐடிக்குரிய ஆளை டேட்டாபேஸிலிருந்து படியுங்கள். பிரைமரி கீயை வைத்து ஒரே ஒரு ரோவை எடுப்பது டேட்டாபேஸுக்கு மிகச் சின்ன வேலை, அதை மிச்சப்படுத்தத்தான் பலரும் முழு ஆப்ஜெக்டையும் செஷனில் திணிக்கிறார்கள், அந்த மிச்சம் இந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

கிளாஸையும் இரண்டாகப் பிரியுங்கள். யூசர் என்பது வெறும் தகவல்: பெயர், மின்னஞ்சல், உரிமைகள். அதற்கு டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். யூசரை டேட்டாபேஸிலிருந்து எடுப்பதும் சேமிப்பதும் வேறொரு கிளாஸின் வேலை, ரிப்பாசிட்டரி என்று பொதுவாகப் பெயர் வைப்பார்கள், கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கனெக்ஷன் அதற்குத்தான் போகும். இப்படிப் பிரித்தால், நாளைக்கு ஏதோ ஒரு காரணத்துக்காக யூசரை செஷனிலோ கேஷிலோ வைக்க வேண்டி வந்தாலும் கனெக்ஷன் கூடவே ஒட்டிக்கொண்டு வராது. டெஸ்ட் எழுதுவதும் சுலபமாகும், அது தனிக் கதை.

இன்னொன்று, கிளாஸின் அமைப்பு மாறும். இன்று புதிய பதிப்பை ஏற்றுகிறீர்கள், யூசர் கிளாஸில் ஒரு ப்ராப்பர்டியின் பெயர் மாறியிருக்கிறது, ஆனால் நேற்று லாகின் ஆனவர்களின் செஷனில் பழைய அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு மட்டும் பிழை, உங்களுக்கு வராது, ஏனென்றால் நீங்கள் இப்போதுதான் லாகின் ஆனீர்கள். ஜாவாவில் இது இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷனாக வெளிப்படையாக வரும். பிஎச்பியில் ப்ராப்பர்டி காலியாக இருக்கும், அல்லது செஷனைத் திறக்கும் முன் கிளாஸை லோடு செய்யாவிட்டால் இன்கம்ப்ளீட் கிளாஸ் என்ற பெயரில் ஒரு பயனில்லாத ஆப்ஜெக்ட் கிடைக்கும். வெறும் எண்ணை வைத்தால் இந்தப் பேச்சே இல்லை.

கேள்வி: நான் ஜாவாவில் எழுதுகிறேன். டாம்கேட்டில் (ஜாவா வெப் சர்வர்) ஹெச்டிடிபி செஷனில் கனெக்ஷனை வைத்திருக்கிறேன், எல்லாப் பக்கத்திலும் ஒழுங்காக வேலை செய்கிறது. பிஎச்பிக்காரர்களின் பிரச்சினை எனக்கு இல்லைதானே?

பதில்: உங்கள் பிரச்சினை இன்னும் பெரிது, தாமதமாக வரும் என்பதுதான் வித்தியாசம். ஜாவாவில் சர்வர் ப்ராசஸ் தொடர்ந்து ஓடுகிறது, செஷன் ஆப்ஜெக்டுகள் அதன் மெமரியிலேயே இருக்கின்றன, அதனால் கனெக்ஷன் உண்மையிலேயே உயிரோடு அடுத்த பக்கத்துக்கு வருகிறது. நீங்கள் ஒருவர் மட்டும் சோதிக்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டாம்கேட்டில் செஷன் டைம்அவுட், நீங்கள் மாற்றாவிட்டால், 30 நிமிடம். ஒருவர் லாகின் ஆகி, ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு பிரவுசரை மூடிவிட்டுப் போய்விட்டார். சர்வருக்கு அவர் போனது தெரியாது. அடுத்த 30 நிமிடம் அவருடைய கனெக்ஷன் யாருக்கும் பயன்படாமல் திறந்தே கிடக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படும் கனெக்ஷன்கள் இயல்பாக 151, போஸ்ட்கிரெஸ்ஸில் 100. அரை மணி நேரத்துக்குள் இருநூறு பேர் வந்து போனாலே போதும், அடுத்து வருபவருக்கு அதிகக் கனெக்ஷன்கள் என்ற பிழைதான் கிடைக்கும். அந்த நேரத்தில் உண்மையில் குவெரி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். சரி, செஷன் முடிந்ததும் தானாக மூடுமா என்றால் அதுவும் இல்லை, செஷன் லிசனர் எழுதி நீங்களே மூட வேண்டும், இல்லாவிட்டால் கார்பேஜ் கலெக்டரை (பயன்படாத ஆப்ஜெக்டுகளை அழிக்கும் ஜாவாவின் ஏற்பாடு) நம்பிக் கிடக்க வேண்டும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே ஆள் பிரவுசரில் இரண்டு டேபில் (tab) உங்கள் தளத்தைத் திறக்கிறார். இரண்டுக்கும் ஒரே செஷன், ஆகவே ஒரே கனெக்ஷன், ஆனால் சர்வரில் இரண்டு த்ரெட். முதல் டேபின் ரிக்வெஸ்ட் ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி ஒரு கணக்கில் பணத்தைக் கழித்துவிட்டது, இன்னொரு கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. அதே நொடியில் இரண்டாவது டேபின் ரிக்வெஸ்ட் தன் வேலையை முடித்து கமிட் (இதுவரை செய்ததை நிரந்தரமாக்கு) சொல்கிறது. கமிட் கனெக்ஷனுக்கு உரியது, எந்த த்ரெட் சொன்னாலும் பாதியில் நின்றதும் சேர்ந்தே கமிட் ஆகிவிடும். பிறகு முதல் ரிக்வெஸ்ட் தோற்றுப்போய் ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறு) சொன்னாலும் கழித்த பணம் திரும்பாது. லாகில் எந்தப் பிழையும் இருக்காது. தகவல் மட்டும் தப்பாக இருக்கும். இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

செஷனை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் கிளஸ்டர் அமைப்புக்குப் போனால் அன்றைக்குப் பிஎச்பிக்காரர்களின் பிரச்சினையும் வந்து சேரும், சீரியலைஸ் செய்ய முடியாது என்று எக்ஸெப்ஷன் வரும். அப்போது சிலர் அந்த ஃபீல்டுக்கு டிரான்சியன்ட் (இதை சீரியலைஸ் செய்யாதே என்ற குறி) என்று போட்டு அமைதியாக்கிவிடுவார்கள், மறுபக்கம் அந்த ஃபீல்டு null ஆக, அதாவது வெறுமையாக, வந்து நிற்கும். டாட்நெட்டிலும் இதே பாதைதான்: செஷன் இன்ப்ராக் முறையில் (ப்ராசஸின் மெமரியிலேயே வைப்பது) இருக்கும்வரை எதை வைத்தாலும் ஓடும், ஸ்டேட் சர்வருக்கோ எஸ்க்யூஎல் சர்வருக்கோ மாற்றிய அன்று விழும்.

கேள்வி: ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கனெக்ட் ஆவது மெதுவாக இருக்காதா? அதற்காகத்தானே செஷனில் வைக்கிறோம்?

பதில்: நியாயமான கேள்வி. கனெக்ஷன் திறப்பதற்கு உண்மையிலேயே செலவு உண்டு: நெட்வொர்க்கில் போய்வர வேண்டும், பாஸ்வேர்டு சரிபார்க்க வேண்டும், டிஎல்எஸ் இருந்தால் அதற்கும் சேர்த்து. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி ப்ராசஸையே உருவாக்குகிறது.

இந்தச் செலவைக் குறைக்கத்தான் பூல் இருக்கிறது. சில கனெக்ஷன்களைத் திறந்து தயாராக வைத்திருக்கும், கேட்பவருக்கு ஒன்றைக் கொடுக்கும், வேலை முடிந்து குளோஸ் சொன்னால் மூடாமல் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு ரிக்வெஸ்டுக்குக் கனெக்ஷன் தேவைப்படுவது சில மில்லிசெகண்டுகள்தான் என்பதால், மிகச் சில கனெக்ஷன்களே நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போதுமானதாகிவிடும். ஜாவாவில் ஹிகாரிசிபி என்ற பூல் லைப்ரரியின் இயல்பான அளவே 10தான். டாட்நெட்டில் பூல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதிகபட்சம் 100. அங்கே தேவைப்படும்போது திறந்து, யூசிங் பிளாக் முடிந்ததும் மூடினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பூலிலிருந்து எடுத்ததை செஷனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுதான் இருப்பதிலேயே மோசம். பூலில் 10 என்றால் பத்து பேர் லாகின் ஆனதும் பூல் காலி. பதினொன்றாவது ஆள் ஹிகாரியில் 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் வாங்குவார். ஹிகாரியில் லீக் டிடெக்ஷன் என்ற செட்டிங் உண்டு, நீண்ட நேரம் திரும்பி வராத கனெக்ஷனை எந்தக் கோடு எடுத்தது என்று லாகில் காட்டிக்கொடுக்கும். அதைப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி உடனே அகப்படும்.

பிஎச்பியில் பூல் இல்லை, பெர்சிஸ்டன்ட் கனெக்ஷன் இருக்கிறது. அது பிஎச்பி ப்ராசஸோடு ஒட்டியது, பயனரோடு ஒட்டியது இல்லை. முந்தைய ரிக்வெஸ்ட் விட்டுப்போன டெம்பரரி டேபிளோ லாக்கோ உங்களுக்கு வந்து சேரலாம். மைஎஸ்க்யூஎல்ஐ (mysqli எக்ஸ்டென்ஷன்) அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறது, பிடிஓவில் அதை நம்பி இருக்காதீர்கள். டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருக்கும் சின்னத் தளமென்றால் எதுவும் வேண்டாம், பக்கத்துக்கு ஒரு புதிய கனெக்ஷன் போதும், மைஎஸ்க்யூஎல் அதை வேகமாகவே செய்யும். முதலில் அளந்து பாருங்கள், மெதுவாக இருப்பது பெரும்பாலும் இன்டெக்ஸ் இல்லாத குவெரியாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் டிரான்சாக்ஷன் தொடங்கி நான்காவதில் கமிட் செய்ய வேண்டும். கனெக்ஷனை செஷனில் வைக்காமல் இது எப்படி முடியும்?

பதில்: பக்கங்களைத் தாண்டி டிரான்சாக்ஷனைத் திறந்து வைக்கவே கூடாது. நடுவில் அவர் எழுந்து போய்விட்டால், அவர் தொட்ட ரோக்கள் பூட்டியே கிடக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் (அதன் இயல்பான ஸ்டோரேஜ் எஞ்சின்) அதே ரோவை மாற்ற வரும் மற்றவர்கள் இயல்பாக 50 விநாடி காத்திருந்து பிழை வாங்குவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் நீண்ட நேரம் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன், வேக்யூம் பழைய ரோக்களைச் சுத்தம் செய்வதையே தடுத்துவிடலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் நிரப்பியதை டிராஃப்ட் என்று ஒரு டேபிளில் சேமியுங்கள், அந்த டிராஃப்டின் ஐடியை மட்டும் செஷனில் வையுங்கள். விவரம் குறைவு என்றால் அந்த மதிப்புகளையே செஷனில் வைத்தாலும் சரி. நான்காவது பக்கத்தில் டிரான்சாக்ஷனைத் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, கமிட் செய்து மூடுங்கள். டிராஃப்டை டேபிளில் வைத்தால் கூடுதலாக ஒரு நன்மை, செஷன் காலாவதியானாலும் அவர் மறுபடி லாகின் ஆகி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான்கு பக்கம் பாடுபட்டு நிரப்பியவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் ஒரு ரோவை மாற்றும் படிவமென்றால் வெர்ஷன் என்று எண் வைக்கும் ஒரு நெடுவரிசையை (column) டேபிளில் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது வெர்ஷன் 7 என்றால், அப்டேட் செய்யும்போது 'ஐடி இது, வெர்ஷன் 7 ஆக இருந்தால் மட்டும்' என்று நிபந்தனை போட்டு, வெர்ஷனை 8 ஆக்குங்கள். மாறிய ரோக்கள் பூஜ்யம் என்று வந்தால் நடுவில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், புதிய தகவலைக் காட்டி அவரையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். யாரையும் காக்க வைக்காமலே வேலை நடந்துவிடும்.

கேள்வி: செஷனையே டேட்டாபேஸில் சேமிப்பது பற்றி?

பதில்: அது தலைகீழான விஷயம், தாராளமாகச் செய்யலாம், பல சர்வர்கள் இருந்தால் செய்தே ஆக வேண்டும், அல்லது ரெடிஸ் (மெமரியில் இயங்கும் ஒரு டேட்டா ஸ்டோர்) போன்ற ஒன்றில் வைக்கலாம். பைத்தானின் ஃபிளாஸ்க் ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் இயல்பான செஷன் சர்வரில் இல்லை, குக்கீயிலேயே போய்விடுகிறது. கையொப்பம் இருப்பதால் யாரும் மாற்ற முடியாது, ஆனால் என்கிரிப்ட் ஆகாததால் யாரும் படிக்கலாம். ரகசியம் எதையும் அதில் வைக்காதீர்கள். பைத்தானின் இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ 1.6 முதல் செஷனை ஜேசனாகத்தான் (வெறும் எழுத்தும் எண்ணுமான ஒரு வடிவம்) இயல்பாக எழுதுகிறது, ஆப்ஜெக்டை வைக்க முயன்றால் அங்கேயே பிழை வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டுப்பாடு அது.

கேள்வி: பழைய ப்ராஜெக்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எங்கெங்கே ஆப்ஜெக்டுகள் செஷனில் போகின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிஎச்பி என்றால் ஒரு செஷன் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆங்கிலப் பெரிய ஓ எழுத்து, ஒரு கோலன், ஓர் எண், அதன்பின் கிளாஸ் பெயர் என்று வரும் இடமெல்லாம் ஓர் ஆப்ஜெக்ட். ஜாவா என்றால் செட்ஆட்ரிபியூட் அழைப்புகளைத் தேடுங்கள், ஒவ்வொன்றிலும் போகும் கிளாஸின் ஃபீல்டுகளையும், அவற்றுக்குள்ளே இருக்கும் ஃபீல்டுகளையும் பாருங்கள், கனெக்ஷன் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்கு உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

டேட்டாபேஸ் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் ப்ராசஸ் லிஸ்டைக் கேளுங்கள், ஸ்லீப் நிலையில் ஆயிரக்கணக்கான விநாடிகளாகக் கிடப்பவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பூலில் சும்மா இருப்பவையும் அப்படித்தான் தெரியும், அதனால் எண்ணிக்கை லாகின் ஆனவர்களோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான் அடையாளம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஆக்டிவிட்டி வியூவில், டிரான்சாக்ஷனுக்குள் சும்மா இருக்கிறது என்ற நிலையில் நீண்ட நேரம் நிற்பவற்றை முதலில் பிடியுங்கள். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் யூசர் ஆப்ஜெக்டிலிருந்து தொடங்குங்கள், எல்லாப் பக்கமும் தொடுவது அதைத்தான். புதிய பதிப்பை ஏற்றும் அன்று பழைய செஷன்களை அழித்துவிட்டு எல்லாரையும் மறுபடி லாகின் ஆகச் சொல்லுங்கள், முன்கூட்டியே ஓர் அறிவிப்பும் போட்டுவிடுங்கள்.